படையலில் வைத்த ரோல்ஸ்

என் அன்பான அண்ணைக்கு,

போன சனிக்கிழமை தனியே படம் பார்க்கப் போனேன். நாம் இருவரும் போகும் அந்தத் தியேட்டர் படியை நீங்கள் இல்லாமல் மிதிப்பதில்லை என்றுதான் இருந்தேன். வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இணுவிலில் பஸ் ஏறிவிட்டேன்.

சென்னையில் எடுத்த படம், அதில் நம்மூர் அகதி ஒருவர் வருகிறார். எதற்கெடுத்தாலும் நம்மைப்போல ஓம், ஓம் என்று தலையாட்டுகிறார். மிச்சத் தமிழ் எந்த ஊருடையதோ தெரியவில்லை. அழ வேண்டிய இடத்தில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பென்றால் கொதித்திருப்பேன், இப்போது கோபம்கூட வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "பாவம் பெடியன், கஷ்டப்பட்டு நடிச்சிருக்கிறான்" என்று என்னைக் கிண்டிவிட்டிருப்பீர்கள், இல்லையா?

பிறகு நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். கொத்துரொட்டிக்கு மேல் சீஸை உருக்கி ஊற்றித் தருகிறார்கள். ருசி எப்படி என்று கேட்காதீர்கள், என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. பரிமாறிய பெண், "நல்லா இருக்கோ அக்கா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காசை வைத்து எழும்பினேன்.

என் கணவர் இறந்த பிறகும் இப்படித்தானே இருந்தேன். அழவும் இல்லை, பேசவும் இல்லை. நீங்கள்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் படத்துக்குக் கொண்டுபோனீர்கள். படம் முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சின்னக் கடையில் ஆளுக்கொரு ஆட்டிறைச்சி ரோல்ஸ். எனக்குப் பிடித்த படம் உங்களுக்குக் குப்பை. எனக்குப் பிடித்த அந்த ரோல்ஸும் குப்பை. "உந்த ரோல்ஸைச் சாப்பிடுற வாய்க்குப் படம் எங்கை விளங்கப்போகுது?" என்பீர்கள். வீடு வந்து சேரும்வரை உங்களோடு சண்டை பிடிப்பேன். அப்படித்தான் எனக்குப் பேச்சுத் திரும்பி வந்தது.

நீங்கள் எங்களை விட்டுப்போன எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். மீன் பொரியல், நண்டுக்கறி, நடுவில் அதே கடை ரோல்ஸ்.

"என்ன அண்ணி, உந்த ரோல்ஸை அவருக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாதே! ஏன் வைச்சனீங்கள்?"

அண்ணி என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆர் சொன்னது? கிழமைக்குக் கிழமை எனக்கும் அங்கைதானே வாங்கிக்கொண்டு வாறவர். தங்கச்சி சொல்லுறதுதான் சரி, அதைப்போல ரோல்ஸ் யாழ்ப்பாணத்திலை இல்லை எண்டுவார். அவளிட்டைச் சொல்லிப்போடாதை, பிறகு அவள் சண்டையும் பிடிக்கமாட்டாள், கதைக்கவும் மாட்டாள் எண்டும் சொன்னவர்."

அண்ணை, படங்களும் அப்படித்தானா? எத்தனை நல்ல படங்களை எனக்காகக் குப்பை என்றீர்கள்? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கே எல்லோரும் என்னோடு அன்பாகத்தான் இருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் ஓம் என்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. நாளுக்கு நாள் என் பேச்சுக் குறைந்துகொண்டு போகிறது. இந்த முறை அது திரும்பி வராது என்று பயமாக இருக்கிறது.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போவேன், படம் எதுவானாலும் சரி. அந்தச் சின்னக் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்குவேன். ஒன்றை நீங்கள் வழக்கமாக இருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "உது குப்பை" என்று உங்களுக்காக நானே சொல்லுவேன். யாராவது என்னோடு சண்டைக்கு வருகிறார்களா பார்ப்போம்.

நீங்கள் வாயாடி என்று கூப்பிட்ட,
உங்கள் தங்கச்சி