பெரிய வியாழனும் பெரியப்பாவின் குதிகாலும்

பம்ப்செட் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடும் என் அருமை அப்பாவுக்கு,

முதல் ஓலை. காரிமங்கலம் பக்கம் நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற அருளப்பன், செல்வமேரி தம்பதியரின் ஒரே குமாரன் பிரான்சிஸின் மேலுதட்டுக்கும், மீசை என்று அழைக்கப்படும் பதினொரு முடிகளுக்கும் இணைப்பு ஏற்பட்டிருப்பது இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

தடை சொன்னது அம்மா மட்டும்தான். “மூஞ்சியக் கழுவுடா, கரி ஒட்டியிருக்குது” என்றாள்.

கல்யாண ஓலை என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். என் மீசையை ஒரே வாசிப்போடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று கையில் இருக்கிறது. அம்மாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆமாம், உங்கள் அண்ணன் சவரிமுத்துவேதான். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கே ஆணி அடித்தால் அங்கே காலண்டர் ஆடும். அந்தச் சுவரைத் தாண்டிப் பதினான்கு மாதம் ஒரு வார்த்தை நேராகப் போகவில்லை. போக வைத்தது யார் என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. நான்தான்.

சண்டை எங்கே தொடங்கியது என்பதை நடுவீட்டில் படுத்தபடி நீங்களே கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். ஆனாலும் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “கேஸுதான், கொஞ்சம் ஓமத் தண்ணி குடு” என்று கேட்டது நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நீங்கள் கையை ஆட்டினீர்கள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மாந்தோப்பிலிருந்து ஓடிவந்த பெரியப்பா, ஊர் மொத்தமும் கூடியிருக்கும்போது அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “ஓமத் தண்ணியக் குடுத்தே எந் தம்பிய அனுப்பி வெச்சிட்டியேம்மா.”

அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நூறடி தள்ளி ஓடுகிற மோட்டாருக்கு பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற உங்களுக்கு, உங்கள் நெஞ்சின் சத்தம் மட்டும் ஏன் அப்பா கேட்கவில்லை?

அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் தூதர் பதவி. “பிரான்சிசு, டேங்க் ரொம்பி வழியுதுன்னு அந்தப் பக்கம் சொல்லு” என்பாள் அம்மா. அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். “ரொம்பினா மோட்டார நிறுத்துவோம்னு அந்த வூட்டுல சொல்லுடா” என்று பதில் வரும். மரியாளிடம் போன கபிரியேல் தூதருக்கு ஒரே ஒரு செய்திதான் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது, இறக்கையும் கிடையாது.

இத்தனைக்கும் இருவரும் பக்தியில் குறை வைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் சொல்கிற நம் அன்பியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் தினமும் விடிந்ததும் பெரியப்பா ஒரு ரோஜாப்பூ, ஒரு புறா, கீழே மன்னிப்பைப் பற்றி ஒரு வசனம் போடுவார். அம்மா குழுவை விட்டு வெளியேறுவாள். பூசை நேரம் அதில்தான் வரும் என்பதால் சனிக்கிழமை திரும்பச் சேருவாள்.

பூசையில் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும்போது எல்லாரும் கைகூப்பி முன்னும் பின்னும் திரும்புவோம் அல்லவா? நடுவழிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் பெரியப்பா நிற்பார். அம்மா உடம்பு முழுவதையும் எதிர்ப்பக்கம் திருப்பி, சுவரோரம் இருக்கிற அந்தோணியார் சுரூபத்துக்குச் சமாதானம் சொல்வாள். அந்தோணியாருக்கும் நமக்கும் எப்போது சண்டை வந்தது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்மேல் நடப்பதுதான் கஷ்டம் என்று மறைக்கல்வி வகுப்பில் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு நாலு எட்டு நடப்பது அதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது.

இனி என் வீரப்பிரதாபம்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் ஓர் அறிவிப்பு கொடுத்தார். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவுவதற்கு வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்கள் உட்காருவார்கள். இந்த வருடம் ஓர் அன்பியத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஆறு அன்பியத்துக்குப் பன்னிரண்டு பேர். யார் என்று அங்கேயே சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். நம் அன்பியத்துக்குச் சீட்டு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது, கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். பதினெட்டு வீடு. ஆண்கள் டப்பாவில் பதினெட்டுச் சீட்டிலும் சவரிமுத்து. பெண்கள் டப்பாவில் பதினெட்டிலும் செல்வமேரி.

ஒரு சின்னப் பாப்பா கையை விட்டு எடுத்தது. ஃபாதர் பிரித்துப் படித்துவிட்டு, “ஆண்டவருடைய சித்தம்” என்றார். நான் மீதி முப்பத்து நான்கு சித்தத்தையும் அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். “நான் போவல.”

“சீட்டுல வந்துடுச்சேம்மா.”

“வந்தா? அந்தாளு பக்கத்துல போயி நான் உக்காரணுமா?”

“ஆண்டவரு கூப்புட்டுக்கீறாரு. வூட்டுல ஆளில்லன்னு சொல்லிடட்டுமா?”

அம்மா என்னை முறைத்தாள். முறைத்தால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதம் கழுவ உட்காருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே பாதத்தைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. கழுவிய காலைத்தானே ஃபாதர் கழுவுகிறார்? வியாழன் மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம். பெரியப்பா குதிகாலைக் கல்லில் தேய்க்கிறார். வருடம் முழுக்கச் செருப்பில்லாமல் மாந்தோப்பில் நடக்கிற கால். வெடிப்பில் மாங்கொட்டை விழுந்தால் முளைத்துவிடும்.

“போதுங்க, தோலே போயிடும்” என்று பெரியம்மா கத்தினார்.

“சாமி தொடுற காலுடி” என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரத்தில் பவுடர் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. இந்தப் பக்கம் அம்மா காலை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கினாள்.

சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் நீளமாக பெஞ்சு போட்டுப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா, அவருக்கு அடுத்து அம்மா. நடுவே இன்னொரு ஆள் உட்காருகிற அளவு இடம். நான் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கைப்பேசியோடு தயாராக இருந்தேன்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஃபாதர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, “பன்னிரண்டு தடவ மண்டி போட என் காலு விடாது. முதல் ஆளுக்கு நான் கழுவறேன். அவரு அடுத்தவங்களுக்குக் கழுவட்டும். அப்படியே போவட்டும். ஒருத்தருக்கொருத்தர்னுதானே ஆண்டவரும் சொன்னாரு” என்றார்.

விரல் விட்டு எண்ணினேன். பெரியப்பா அம்மாவுக்குக் கழுவ வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததா? தம்பி பெண்டாட்டி உட்காருகிற கட்டிலில்கூட மூத்தார் உட்கார மாட்டார். கையில் பொருள் கொடுப்பதென்றால் கீழே வைப்பார், இவள் எடுத்துக்கொள்வாள். அவர் போய் இவள் காலைத் தொடுவதா? பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. பாடற்குழுவில் ஒரு குரல் பாட்டை விட்டுவிட்டது.

தன் முறை வந்ததும் பெரியப்பா தாம்பாளத்தோடு எழுந்தார். நின்றார். அம்மா இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவர் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினார், சடக்கென்று சத்தம் வந்தது. பிறகு அடுத்த முட்டி.

“வேணாங்க மாமா” என்றாள் அம்மா.

அப்பா, பதினான்கு மாதத்தில் முதல் வார்த்தை அதுதான்.

“காலக் காட்டும்மா. ரொம்ப நேரம் இப்புடி உக்கார முடியாது” என்றார் பெரியப்பா.

அம்மா காட்டவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. தாம்பாளத்தைப் பார்த்தபடி ஏதோ ரகசியமாகச் சொன்னார். உங்கள் அண்ணனின் ரகசியம் உங்களுக்குத் தெரியும், காது மந்தம் என்பதால் காரிமங்கலம் சந்தை வரைக்கும் கேட்கும். கோயில் முழுவதும் கேட்டது.

“அன்னிக்கிக் காலையில எனக்குப் போன் பண்ணான்மா. ‘நெஞ்சு பிசையுதுண்ணா’ன்னான். கேஸுடா, சோடா குடிடான்னு சொல்லிட்டு நான் மரத்துக்கு மருந்தடிக்கப் போயிட்டேன். நீயாவது ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்ட. நான் அதுவுங்கூடச் சொல்லல. அத எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் உம்மேல போட்டுட்டேன்.”

போன் பண்ணினீர்களா அப்பா? எங்களுக்குத் தெரியாதே.

அம்மா வலது காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். பெரியப்பா தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் எழுந்திருக்கத் தடுமாறியபோது அம்மா கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் வாயிலிருந்து கண்ணுக்குப் போயின. பிறகு அம்மா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய், ஒன்றும் நடக்காததுபோல மண்டி போட்டாள்.

இப்போது நிலைமை தலைகீழ். சுவரைத் தாண்டிப் பேச்சு நிற்பதே இல்லை. “மாமா, டேங்க் வழியுதுங்க. ஆறு மாசமா சொல்றேன், காதுல வாங்குறீங்களா?” என்று அம்மா நேராகவே திட்டுகிறாள். பெரியப்பாவும் நேராகவே வாங்கிக்கொள்கிறார். ஈஸ்டருக்கு அங்கிருந்து பிரியாணி வந்தது, இங்கிருந்து பாயாசம் போனது. என் தூதர் பதவி பறிபோய்விட்டது. கோயிலில் ஃபாதர் என் முதுகில் தட்டினார். பார்த்தீர்களா, உங்கள் மகன் எவ்வளவு பெரிய சமாதானப் புறா?

இங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனா நகர மாட்டேன் என்கிறது.

நான் அந்தச் சீட்டுகளை எழுதியது சமாதானத்துக்கு இல்லை அப்பா. பெரியப்பா பெயரைப் படித்ததும் அம்மா வெடுக்கென்று எழுந்து, “இந்தாளு பக்கத்துல உக்கார மாட்டேன்” என்று பங்கு மொத்தத்துக்கும் முன்னால் சொல்வாள் என்று கணக்குப் போட்டேன். ஊர் கூடியிருக்கும்போது அவர் அம்மாவைப் பேசினார், ஊர் கூடியிருக்கும்போது அவர் தலை தொங்க வேண்டும். அன்று அவள் எழுந்திருக்கவில்லை. சரி, வியாழன் பெஞ்சிலாவது நடக்கும் என்றுதான் வீட்டில் அவளை ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கிளப்பினேன். கைப்பேசியைத் தயாராக வைத்திருந்ததும் அதற்குத்தான். வீடியோ எடுத்து, அவருடைய ரோஜாப்பூவுக்கும் புறாவுக்கும் கீழே போடுவதாக இருந்தேன். மண்டி போட்டது அவர். காலைக் கொடுத்தது அம்மா. நான் செய்த ஒரே காரியம் கெட்ட எண்ணத்தை நல்ல கையெழுத்தில் எழுதியது.

இன்னொன்றும் இருக்கிறது. ஈஸ்டர் பூசையில் சமாதானம் சொல்லும் நேரம், முன்வரிசையில் இருந்த பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துவிட்டேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போகிறோம். வெறுங்காலைத் தடவிக்கொண்டு, அவர் திரும்புகிற வரைக்கும் குனிந்தே இருந்தேன். ஊரில் பாக்கி இருக்கிற ஒரே சண்டைக்காரன் நான்தான், அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

வரும் ஞாயிறு பெரியப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். சமாதானம் சொல்லும்போது குனிய மாட்டேன், நான்தான் முதலில் கைகூப்புவேன். வெளியே வந்ததும் சீட்டு விஷயத்தை என் வாயாலேயே அவரிடம் சொல்லிவிடுகிறேன். காதோடு சொன்னால் அவருக்குக் கேட்காது, கத்தித்தான் சொல்ல வேண்டும், ஊருக்கே கேட்கட்டும். இது சத்தியம் அப்பா.

உங்களுக்கு மகன், அவருக்கும் மகன் முறையான
பிரான்சிஸ்