அடை சுட்டது நான்தான், லாத்தா

என் ஆசை லாத்தாவுக்கு, உன் தங்கச்சியின் ஸலாம். கூடவே கொஞ்சம் கோபமும் வருகிறது, இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

நீ மவுத்தாகி வருஷம் திரும்பிவிட்டது. இதுவரை உனக்காக யாசீன் ஓதினேன், அழுதேன், உன் சேலைகளை வெயிலில் போட்டு மடித்து வைத்தேன். எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன். ஒட்டி அனுப்ப முகவரி இல்லாத கடிதம், ஊரே படிக்கட்டும். படிக்கத்தான் எழுதுகிறேன்.

உன் மகள் ஹசீனாவுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அம்பகரத்தூர். நல்ல பிள்ளை, வாய் அதிகம் இல்லை, டீயில் சீனி மட்டும் அதிகம். நம் வழக்கப்படி இங்கேதான் வந்து இருக்கிறார், மாடி அறையில். உன் கட்டில்தான் அவர்களுக்கு. அதைக் கேட்டு நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் எழுத வந்தது பாதாம் அடையைப் பற்றி.

அடை என்றதும் படிக்கிறவர்கள் தோசைக்கல்லை நினைப்பார்கள். அது வேறு. மைதாவையும் நெய்யையும் முட்டைக் கருவையும் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, பூரிக்கட்டையால் மெல்லிய தகடாகத் தேய்ப்போம். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, ஈரம் போகத் துடைத்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரே மூச்சில் அரைத்தால் எண்ணெய் கக்கிவிடும். அதில் சீனி, முட்டை, நெய், ஏலக்காய். ஒரு தகட்டின் மேல் இதைப் பரப்பி, இன்னொரு தகட்டால் மூடி, ஓரத்தை மடித்து, தேக்சாப் பாத்திரத்துக்குள் மணல் பரப்பி அதன்மேல் தட்டோடு வைத்து, கீழே தணல், மூடிமேல் தணல். மேலே கூடுதலாக இருக்க வேண்டும், கீழே குறைவாக. அவ்வளவுதான் சங்கதி. இந்த அவ்வளவுதான் உனக்குக் கடைசிவரை வரவில்லை, லாத்தா. உனக்கும் தணலுக்கும் ஆகாது.

உம்மா வழி வந்த அடை அது. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், நிக்காஹுக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு நம் வீட்டிலிருந்துதான் அடைத் தட்டு போகும். அங்கே மாப்பிள்ளையின் உம்மா அதை உடைத்து, முதல் துண்டை அடை சுட்டவள் வாயில் ஊட்டுவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். உம்மா இருந்தவரை உம்மா வாயில் ஊட்டினார்கள். உம்மாவுக்குப் பிறகு உன் வாயில்.

சுட்டது யார் லாத்தா?

கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, கொட்டாங்கச்சிக் கரியை ஊதி ஊதிக் கண் சிவந்தது யார்? நீ குளித்து, பூ வைத்து, பட்டுடுத்தி வந்து நிற்பாய். நான் தட்டைத் துணி போட்டு மூடி உன் கையில் தருவேன். திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு சொல்வாயே, "எல்லாரும் ஒங் கையத்தான்டி புகழுறாங்க, அது ஒன் கைன்னு அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." அப்போது எனக்கு அது போதுமாக இருந்தது. உன் வாயில் நெய் மணக்கும். அந்த மணத்தோடு தூங்கிவிடுவேன்.

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் கட்டின மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினவள். மற்ற ஊரில் புருஷன்தான் பெண்ணை வீட்டை விட்டுத் துரத்துவான். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு, வந்து இருப்பவன் அவன். எனவே நான் அவனுடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன், ஜமாஅத்தில் போய் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து நல்ல காரியம் நடக்கும் இடத்தில் என் கை படக்கூடாது என்று ஆயிற்று. மருதாணி அரைக்கக் கூடாது, மணப்பெண்ணுக்குப் பூ வைக்கக் கூடாது. பாத்திரம் கழுவலாம். அதற்கு மட்டும் எந்தத் தோஷமும் கிடையாது!

நீ அடையைச் சுடச் சொல்லி என் கையைக் காப்பாற்றினாய். சொல்லாமல் மறைத்து உன் பெயரைக் காப்பாற்றினாய். இரண்டும் உண்மை. நீ என்மேல் உயிரை வைத்திருந்தாய் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வீட்டில், "இது தங்கச்சி சுட்டது" என்று சொல்லியிருக்கலாமே லாத்தா? என்ன ஆகியிருக்கும்? வானம் இடிந்து விழுந்திருக்குமா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நிக்காஹ் நெருங்கியதும் நானாவின் பெண்சாதி, நமக்கு அண்ணி முறையாகும் மச்சி, வந்து நடுவீட்டில் உட்கார்ந்தது. நீ இல்லாத வீட்டில் அதிகாரம் காலியாகக் கிடந்தது, மச்சி எடுத்துக்கொண்டது. எடுத்த எடுப்பிலேயே, "பாண்டிச்சேரில ஒரு பேக்கரில கேக்கு ஆர்டர் குடுத்துருவோம். மைமூன் போனதோட அடையும் போச்சு" என்றது.

"நான் சுடுறேன் மச்சி" என்றேன்.

மச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை. உன் புருஷனிடம் சொன்னது: "நல்ல காரியத்துக்குப் போற தட்டு. மாப்புளய வாசப்படி எறக்கி வுட்டவ கை அதுல படலாமா? தாயில்லாப் புள்ள வாழ்க்க. நான் சொல்றத சொல்லிட்டேன்."

மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்தவர். போனைத் தடவிக்கொண்டே, "பெரியவங்க சொல்றத கேட்டுக்குவோமே" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். நல்ல மனுஷன், முதுகெலும்பு மட்டும் துபாயிலேயே இருந்துவிடும்.

உன் மகள் மாடிப்படியில் நின்றிருந்தாள். இறங்கி வந்தாள். "சாச்சி சுடாட்டி தட்டே போக வேணாம் மாமி. கேக்கு வந்தா அதத் தூக்கித் தெருவுல வைப்பேன்" என்றாள். உன் வயிற்றில் பிறந்த பிள்ளையா அது?

கொல்லையில் சுடவில்லை லாத்தா. முற்றத்தில் அடுப்பைக் கூட்டினேன். கல்யாண வேலைக்கு வந்த அத்தனை பெண்களும் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில், நட்ட நடுவில். யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது என்றே சிவப்புச் சேலை உடுத்திக்கொண்டேன்.

முதல் அடை கருகிவிட்டது. கொல்லையில் சுவர் மறைப்பு உண்டு. முற்றம் திறந்த வெளி. கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று உள்ளே இறங்கி மேல் தணலை ஊதிவிட்டது. மூடியைத் திறந்தால் மேல் தகடு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. வெங்காயம் உரித்த கைகள் எல்லாம் நின்றன.

"பாத்தீங்களா?" என்றது மச்சி. "நான் சொன்னப்ப கசந்துச்சு. அல்லாஹ் காட்டிட்டான்."

"காத்தடிச்சா தணல் பத்தும் மச்சி. அதுக்கும் என் தலையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். கருகியதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, பாயை எடுத்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டிவிட்டு, மறுபடி பாதாம் அரைக்க உட்கார்ந்தேன். ஹசீனா, மணப்பெண், மருதாணிக் கையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

இரண்டாவது பொன்னாக வந்தது. ஓரத்தில் பொரிந்து உதிர்ந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு எல்லோருக்கும் சுற்றிவிட்டேன். மச்சிக்கு முன்னாலும் கிண்ணம் போயிற்று. கொஞ்சம் தயங்கி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டது. மென்றது. மெல்ல மெல்ல அதன் கண் நிறைந்துவிட்டது.

"மைமூன் சுட்ட மாதிரியே இருக்கே" என்றது. "அப்படியே அவ கை."

உன் பெயரைக் காப்பாற்ற இன்னும் ஒரு முறை வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"அவ கை இல்ல மச்சி. எப்பவும் என் கைதான். உம்மா மவுத்துக்கப்புறம் இந்த வூட்டுலேர்ந்து போன ஒவ்வொரு அடையும் நான் சுட்டதுதான். ஒங்க மவ ருக்கையா கல்யாணத்துக்குப் போன தட்டும் நான் சுட்டதுதான். ருக்கையா இப்ப புருஷன் புள்ளையோட நல்லாத்தானே இருக்கா?"

மச்சி கிண்ணத்தைத் தள்ளி வைத்தது.

"ஏன்டி அப்பவே சொல்லல?" என்றது மச்சி, அடிபட்ட குரலில்.

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

மச்சி எழுந்து உள்ளே போய்விட்டது. மறுநாள் தட்டோடு வரவும் இல்லை. வருத்தம்தான். ஆனால் போகட்டும்.

தட்டை நானே ஏந்திப் போனேன். அம்பகரத்தூரில் கூடம் நிறையப் பெண்கள். எனக்கு முன்னாலேயே சேதி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நம் ஊரில் சேதிக்குக் காலா இல்லை. சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் உம்மா, துணியை விலக்கி அடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு சுட்டது?"

"நான்தான்."

"மாப்புளய அனுப்பிச்சு வுட்டவங்கன்னு சொன்னாங்க..."

"அதுவும் நான்தான்."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஹசீனாவின் வாழ்க்கையே அந்தத் தட்டில் இருந்தது. இந்த நிமிஷம் அவர் தட்டைத் தள்ளி வைத்தால்? மச்சி சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால்? நீ மறைத்ததுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிட்டால்?

சம்பந்தி விடவில்லை. "என் மவனும் ஒங்க வூட்டுக்குத்தான் வர்றான். அவனயும் அனுப்பிடுவீங்களா?"

நயமாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீயாக இருந்தால் அழகாகச் சமாளித்திருப்பாய். எனக்கு வந்தது ஒன்றுதான்.

"கை நீட்டினா அனுப்பிடுவேன்."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. எதை நினைத்தாரோ, யாரை நினைத்தாரோ, நான் கேட்கவில்லை. பிறகு தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடையை உடைத்தார்.

"அப்ப வாயத் தொறங்க" என்றார்.

நான் சுட்ட அடையின் முதல் துண்டை அன்றைக்குத்தான் சாப்பிட்டேன் லாத்தா. இத்தனை வருஷம் அந்த ருசியை நீ ஒருத்தியாகவே அனுபவித்திருக்கிறாய், களவாணி! நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. எல்லோர் முன்னாலும் விம்மி அழுதுவிட்டேன், வாயில் அடையோடு.

உன்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்காதே, தெரியவில்லை. உனக்காகக் கை ஏந்துவதை நிறுத்த மாட்டேன். உன் மகளை என் கண்ணுக்குள் வைத்திருப்பேன். அவள் பெறப்போகும் பெண்பிள்ளைக்கு உன் பெயரையே வைக்கச் சொல்வேன். இதெல்லாம் சத்தியம். ஆனால் இனி உன் பெயரில் ஓர் அடைகூடச் சுடமாட்டேன். எந்த வீட்டில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சுட்டவள் யார் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை இறக்குவேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி, ஹசீனாவின் சாச்சி,
சுபைதா
காரைக்கால்