புதுப் பல்லும் புது மவுத்பீஸும்

மார்ச் 3, திங்கள்
மேல்வரிசை முன்பல் புதிதாகக் கட்டி ஒரு மாதம். பல் டாக்டர் "பயப்படாம கடிங்க" என்கிறார். சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் உலோக மவுத்பீஸில் பல் பட்டதும் மண்டைக்குள் வண்டு பறக்கிறது. பிடியைத் தளர்த்தினால் ஸ்வரம் பிளந்துவிடுகிறது. இன்று ஒத்திகையில் கீச்சென்றது. ட்ரம்பெட்காரர், "யாருப்பா கோழிய மிதிச்சது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "பதினஞ்சாம் தேதி நிகழ்ச்சிக்குள்ள சரிபண்ணிருங்கக்கா. இல்லன்னா உங்க தனி வாசிப்ப ட்ரம்பெட்டுக்குத்தான் குடுக்கணும்."

பன்னிரண்டு வருஷமாக நான் வாசிப்பது.

மார்ச் 5
கடையில் ஏழு மவுத்பீஸ் ஊதிப் பார்த்தேன். வாய் அகலமானது ஒன்று, கடையே அதிர்ந்தது. அதையே கொண்டுவந்தேன். வீட்டில் பத்து நிமிடத்தில் தாடை கழன்றுவிடும்போல் ஆனது.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்கு ஊதலும் போச்சா?" எரிச்சல் வந்தது. சிரிப்பும்தான்.

மார்ச் 6
உதடு உள்பக்கம் கிழிந்துவிட்டது. அழுதேன். ஒரு பல்லுக்காகவா? ஆமா, அந்தப் பாழாப்போன பல்லுக்காகத்தான்!

மார்ச் 8
கடையில் மவுத்பீஸை மாற்றித் தரச் சம்மதித்தார்கள். வீட்டுக்காரரும் வந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நாலு மவுத்பீஸை இரண்டு சுற்று மாற்றி மாற்றி ஊதினேன். இரண்டு தடவையும் ஒன்றையேதான் சொன்னார்: "இதுலதான் நீ மூச்சுக்குத் தவிக்கிறது கேக்கல."

கறுப்பு ரப்பர், குறுகிய வாய். கற்றுக்குட்டிகள் வாங்குவது என்று முதல்நாள் தொடாமலே விட்டது. வறட்டுக் கௌரவம், வேறென்ன.

மார்ச் 10
எல்லா ஸ்வரமும் ஒரு மயிரிழை இறங்கி நிற்கிறது. சாக்ஸபோன் கழுத்துத் தக்கையில் மெழுகு தடவி மவுத்பீஸை இன்னும் நகக்கண் அளவு உள்ளே தள்ளினேன். சரியாயிற்று. ஊதும்போது அதிரும் நாணல் தகடான ரீடையும் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றினேன். பல் படுமிடத்தில் மெல்லிய ரப்பர் ஒட்டு. வண்டு இல்லை! இருபது நிமிடம் ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதினேன். அடுக்களையிலிருந்து வீட்டுக்காரர், "கப்பல் எத்தன மணிக்குக் கெளம்புது?"

மார்ச் 13
ஒத்திகை. கீச்சிடவில்லை. சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவு. தலைவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

மார்ச் 15
வாசித்தேன். நான்தான் வாசித்தேன். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போதும் உதடு பிசகவில்லை. திரைக்குப் பின்னால் தலைவர், "முன்னெல்லாம் உங்க சத்தத்துக்கு ஈடா மத்தவங்கள சத்தம் கூட்டச் சொல்லுவேன்க்கா. இன்னிக்கு எல்லாரும் தானா கொறச்சிட்டு உங்களக் கேட்டாங்க" என்றார். தண்ணீர் கேட்டேன்.

மார்ச் 17
மத்தியானம் சாப்பிட்டுச் சும்மா சாய்ந்தவள் நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஐந்து மணி. இன்று சாக்ஸபோன் பெட்டியைத் திறக்கவே மறந்திருக்கிறேன்.