உன் அறையைச் சாமான் அறை என்று சொன்னேன்

இப்ராஹிமியா, அலெக்ஸாந்திரியா

அன்பு யுஸ்ரா,

வீட்டை விற்கும் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த பெண் உன் அறை வாசலில் நின்று, "இது யாரோட ரூம் மேடம்?" என்று கேட்டாள். என் மகளுடையது என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில் தனியாக இத்தாலிக்குப் போய்க் கப்பல் கட்டப் படிக்கிறாள் என்று சொல்லவில்லை. வகுப்பில் இத்தனை பேர் வரைந்தும் அவள் வரைந்த கப்பலைத்தான் மாதிரியாகச் செய்து தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தார்கள் என்றும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சாமான் போட்டு வைக்கிற இடம்" என்றேன். அது என்ன பாடு படுத்தியது என்று போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, இறைவன் அருளால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சளி இருமல் இல்லாமல், வயிறு வாடாமல் இருக்க வேண்டும் என்பதே தினமும் என் துஆ.

அப்பாவின் முழங்காலைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அறுவை சிகிச்சை செய்த கால் தட்டையான தரையில் நன்றாக நடக்கிறது, ஐந்து மாடிப் படிகளில்தான் முடியவில்லை. குளிர்காலம் முழுக்க பால்கனியிலிருந்து கடலைப் பார்த்ததோடு சரி. ஒரு தடவை அண்டை வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். "என்னை பீரோ மாதிரி தூக்கிட்டு இறக்குறீங்களேடா, இனி செத்தாதான் இந்தப் படி இறங்குவேன்" என்று அன்றைக்குச் சபதம் போட்டவர்தான், பிறகு இறங்கவே இல்லை. அடுத்த தெருவில் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் நல்லவர், ஹஜ் பெருநாள் வரை நமக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் நம் வீடு விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தன் தங்கை மகனுக்குக் கொடுத்துவிடுவார். அவசரம் உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

படம் எடுக்கிற அன்று காலையிலேயே கீழ்மாடி ஸுஹைர் அக்கா வந்துவிட்டாள். விருந்தாளி அறையின் சோபா உறைகளையெல்லாம் உருவினாள், கம்பளங்களை பால்கனியில் போட்டு அடித்தாள், என் புத்தகங்களை அள்ளிக் குளியல் தொட்டிக்குள் அடுக்கித் திரையை இழுத்துவிட்டாள். பிறகு மேசை நிறைய பழம், பிஸ்கட், அரிசி வைத்த திராட்சை இலைச் சுருள் என்று கடை பரப்பினாள். எதற்கு அக்கா என்றேன். "ஊரே உன் வீட்டைப் பாக்கப் போகுது, வெறும் மேசையையா காட்டுவ? போட்டோ வழியா வந்து பாத்தாலும் வீட்டுக்கு வந்தவங்க வந்தவங்கதானே!" என்றாள். படம் எடுக்க வந்த இன்ஜி அத்தனையையும் சமையலறைக்கு அனுப்பினாள், நான்கு சுருளைத் தின்றுவிட்டுத்தான். அடுத்து அவள் குளியலறைக் கதவைத் திறக்கப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் அப்பா எழுந்தே வந்துவிட்டார்.

இன்ஜி கெட்டிக்காரி, ஆனால் மான்ட்ரியலில் வளர்ந்தவள். அவளுக்குக் கேள்வி என்றால் கேள்வி, பதில் என்றால் பதில். "நல்ல வெளிச்சம் மேடம்" என்று அவள் புகழ்ந்ததும், கண் பட்டுவிடுமோ என்று "எங்கே, மழைக்காலத்துல இருட்டுதான்" என்றேன். காற்று அருமை என்றாள், ஜன்னல் கடகடவென்று அடிக்கும் என்றேன். கண்ணூறு பயத்தில் ஸுஹைர் அக்காவும் சேர்ந்துகொண்டு, "தண்ணியா? சொட்டு சொட்டாதான் வரும் பாப்பா" என்றாள். இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்து, மாஷா அல்லாஹ் சொல்லி விட்டிருப்பார்கள். அவள் ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டாள்.

விளம்பரம் வந்தது. படங்களைப் பார்த்தால் நம் வீடா என்று எனக்கே கண் கலங்கியது. அடியில் இருந்ததை அப்பா சத்தமாகப் படித்தார்: இரண்டு படுக்கையறை, ஒரு சாமான் அறை, மழைக்காலத்தில் இருட்டு, ஜன்னல்கள் ஆடும், தண்ணீர் குறைவு. முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "நிஹால், இந்த வீட்டுக்கு வெளியில எதிரியே வேணாம்மா, நீயும் ஸுஹைரும் போதும்" என்றார். ஒரு வாரமாக ஒருவரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு அவர் சிரிக்கவும் இல்லை, பால்கனிக்கும் போகவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்ஜியைக் கூப்பிட்டேன். "நீங்க சொன்னதைத்தானே மேடம் எழுதினேன்? சரி, நீங்களே எழுதி அனுப்புங்க, மாத்திடறேன்" என்றாள். இவ்வளவு படிக்கிறவள் நான், ஆனால் என்னுடையது எதையும் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. உன் அறையில், உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். "மூன்று படுக்கையறைகள். மூன்றாவதில் காலை வெயில் ஜன்னலில் தொடங்கி மேசை வரை வரும். அந்த மேசையில் படித்த பெண் இப்போது கப்பல்கள் வரைகிறாள். ஜன்னல் காற்றில் சத்தம் போடும், திறந்துவிட்டால் போடாது. தண்ணீர் வேகமாக வரும். ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை, விற்கக் காரணம் அது ஒன்றுதான்." அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, "இந்த வீட்டை நானே வாங்கலாம் போலிருக்கே" என்றார். ஸுஹைர் அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணை ஊர் கண்ணு முன்னாடி நிறுத்திட்டியேடி!" என்று புலம்பி, வீடெங்கும் சாம்பிராணி போட்டு எங்களை இருமவைத்தாள். கண் பட்டால் படட்டும் அக்கா, அவள் தாங்குவாள் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குப் பயமாக இல்லை, யுஸ்ரா. உன்னைப் பற்றி அப்படி வாய்விட்டுச் சொல்ல இருபது வருடமாக ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

உன் ஊர்க் காற்று ஆளையே தள்ளும் என்கிறார்கள், கழுத்தைச் சுற்றாமல் வெளியே போகாதே. பரீட்சை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. உன் வரைபடச் சுருள்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சீக்கிரம் எழுது, நானாக ஒன்றையும் எறிய மாட்டேன். இறைவன் உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் தரட்டும், நீ கால் வைக்கும் இடமெல்லாம் உனக்கு வழிவிடட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
நிஹால்

பி.கு.: கடிதம் தபாலில் சேராமல் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. நம் வீட்டைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்கியது, இரண்டு பேருமே பல் மருத்துவர்கள். பெருநாளுக்கு முன்பே தரைத்தள வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று காலை அப்பா தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மத்தியானம் ஆகியும் வரவில்லையே என்று போன் செய்தேன். "கடல்கிட்ட உக்காந்திருக்கேன், சோத்தை மூடி வை" என்றார்.