மனைவி புலம்பல்

மல்கிரேவ்,
3.5.2025

அன்புள்ள தங்கச்சி குணவதிக்கு,

நானும் அக்காவும் நலம். நீரும் மகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். எங்கள் சங்க மலருக்கு நீர் அனுப்பிய சிறுகதை கிடைத்தது. நல்ல நடை. ஆனால், புருஷனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுகிற அந்த மனைவி மனதுக்குள், “அப்பாடா, இனி அவர் கார் வந்து கராஜ் கதவு திறக்கிற சத்தத்துக்கு நடுங்கத் தேவையில்லை” என்று நினைக்கிறாளே, அதை எடுத்துவிடும். அவள் அழுதாள் என்பதோடு நிறுத்தினால் போதும். உம்முடைய புருஷன், என் தம்பி தருமராசா, போய் இன்னும் ஆண்டுத் திவசம்கூட வரவில்லை. அது நீர்தான் என்று சனம் கதைக்கும்.

அன்புடன்,
அத்தான் அருந்தவன்


டூங்காபி,
11.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் முழங்கால் நோ எப்படி? கடிதம் கண்டேன். அந்த வரியை எடுக்க மாட்டேன்.

அவள் அழுததை மட்டும் எழுதினால் அது கதையில்லை, மரண அறிவித்தல். அழுததைத்தான் மண்டபத்தில் எல்லாரும் பார்த்தார்களே! சிறுகதையில் எனக்குக் கிடைப்பது நாலு பக்கம். அதற்குள் அவளுடைய இருபது வருஷத்தைச் சொல்ல வேண்டும். மனதைத் திறந்து காட்டாவிட்டால் வாசகரும் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு போய்விடுவார்.

மற்றது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் ‘மனைவி புலம்பல்’ என்று ஒரு பாட்டு எழுதினீர்கள். “என் தெய்வமே, இனி ஏன் வாழ்வேன்” என்று நான் கதறுவதாக. என்னை ஒரு சொல் கேட்டீர்களா? என் மனதில் இருப்பதை நீங்கள் எழுதலாம், நான் எழுதக் கூடாதோ?

குணவதி


மல்கிரேவ்,
19.5.2025

அன்புள்ள குணவதி,

புலம்பல் எழுதுவது எங்கள் வழக்கம், அதில் பிழை பிடிக்காதையும். சரி, உம்முடைய வரி இருக்கட்டும். புனைபெயரில் போடுவோம். குடும்ப மானத்தையும் பாரும்.

அருந்தவன்


டூங்காபி,
26.5.2025

அத்தானுக்கு,

புனைபெயர் வேண்டாம். மலரும் வேண்டாம். வருகிற ஞாயிறு பரமட்டாவில் நடக்கிற வாசகர் வட்டத்தில் என் பெயரைச் சொல்லியே வாசிக்கப் போகிறேன். மகள் சஜிதாதான் கூட்டிக்கொண்டு போகிறாள். அவளுக்கு நேற்று வாசித்துக் காட்டினேன். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, “எனக்கும் அப்படித்தான் அம்மா இருந்தது” என்றாள்.

இரண்டு கடிதத்திலும் சனத்தையும் மானத்தையும் பற்றி எழுதினீர்கள். ‘அவன் அப்படியா நடந்தான்?’ என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உங்களுக்கு அது முன்னமே தெரியும், அத்தான்.

குணவதி