நகம் பதியும் ஈயம்

செப்டம்பர் 14

முதலாண்டு வேதியியல் விடைத்தாள்கள் இருபத்தெட்டு. பாதிப் பேருக்கு இன்னும் அடர்த்திக்கும் எடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாலையில் ராய்ஸ் போன் செய்தான். சோளம், மழை, டிராக்டர் என்று சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தான். “அக்கா, டிசம்பர்ல மான் வேட்டைக்கு, உன் பரணுக்கு நீ வர்றியா, இல்ல கோல்பிக்குக் குடுத்துடலாமா?”

“வர்றேன்.”

“நல்லா யோசிச்சுக்க. ரெண்டாவது வாலும் போச்சுன்னா உனக்குத்தான் சங்கடம்.”

கோல்பி அவன் மருமகன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதற்குள் என் பரணில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்று நினைக்கிறேன். போன மாதம் போனபோது அங்கே புகையிலை துப்பிய பாட்டில் கிடந்தது.

செப்டம்பர் 15

தூக்கம் சரியில்லை. போன டிசம்பரை ஒருமுறை எழுதிவிட்டால் போய்விடுமா, பார்க்கலாம்.

எழுபது தப்படி. பெண்மான், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. ஆறு வருஷமாக அந்தப் பரணில் உட்கார்ந்திருந்தும் சுடாதவள் அன்று சுட்டேன். புகை விலகியபோது மான் இல்லை. பனியில் நறுக்கிவிட்டதுபோல் கொஞ்சம் ரோமம், ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அரை மணியில் புதுப்பனி கொட்டித் தடத்தை மூடிவிட்டது.

“பட்டுச்சு” என்றேன் எங்கள் வேட்டைக் குடிலில். யாரும் நம்பவில்லை. “ரோமம் சும்மாவே கொட்டும், அக்கா” என்றான் ராய்ஸ்.

எங்கள் குடிலின் சட்டம்: குறி தவறினால் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் அடிப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு வருஷம் வால் போனால் பரணும் போய்விடும். அப்புறம் மற்றவர்களுக்காகப் புதர்க்காட்டில் நடந்து மானைக் கலைத்துவிடும் வேலைதான். என் வாலை வெட்டியது அப்பா. இடுப்பு போன பிறகு அவர் குடிலை விட்டு நகர்ந்ததில்லை, ஆனால் கத்திரி அவர் கையில்தான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

மார்ச்சில் இறந்தார். நிலம் ராய்ஸுக்கு. எனக்கு அவருடைய துப்பாக்கி. குழாயின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டிக்கும் பழைய ரகம். அந்தப் பரணும் எனக்கு, அதாவது இந்த டிசம்பர் வரைக்கும்.

செப்டம்பர் 29

நான் குறி தவறவில்லை.

அக்டோபர் 5

அப்பாவின் பெட்டியில் போன வருஷக் குண்டுகள் நாலு மிச்சம் இருந்தன. அவர் வார்ப்பச்சில் வார்த்தவை. துணி சுற்றி, என் பெயர் எழுதிய டப்பா. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். நகம்தான் வலித்தது. சுத்த ஈயமென்றால் பிறை மாதிரி கோடு விழ வேண்டும்.

அக்டோபர் 7

ஆய்வகத் தராசில் வைத்தேன். அதே அச்சில் சுத்த ஈயம் வார்த்தால் இருபத்து நாலு கிராம் வர வேண்டும். இவை நாலும் இருபத்து மூன்றரைக்குக் கீழே. ஆன்டிமனி கலந்த ஈயம். கார் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் மாட்டுவார்களே, அந்தத் துண்டுகளை உருக்கியது. அதில் வார்த்தால் குண்டு கல்லாகிவிடும். மானுக்குள் போய் விரியாது. ஊசி போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். துளை சின்னது, ரத்தம் உள்ளேயே தங்கும். மான் ஓடி, எங்கேயோ படுத்து, மெதுவாக.

எவ்வளவு மெதுவாக? யோசிக்க வேண்டாம்.

இப்போது நினைவுக்கு வருகிறது: அன்று காலை குண்டு குழாயில் இறங்க மறுத்தது. கோலை உள்ளங்கையால் நாலு அடி அடித்தேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “தோள்ல தெம்பு வேணும்மா, படிச்சா மட்டும் போதாது” என்றார்.

அக்டோபர் 8

டயர் கடையில் பழைய ஈயத்துண்டுகளை வாளி வாளியாக வாங்கி வைப்பது யார்? ராய்ஸ்.

அக்டோபர் 19

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவன் என் தலைக்கு மேலே பார்த்து, “வீட்டுக்காரருக்கா மேடம்?” என்றான். இல்லை, எனக்கு. உடனே ஒரு பளபளப்பான அட்டைப்பெட்டி. செம்புக்குண்டு, பிளாஸ்டிக் சட்டை போட்டது, பூ மாதிரி விரியுமாம். “எந்த வேகத்துக்கு மேல விரியும்?” என்று கேட்டேன்.

“நல்லா விரியும் மேடம்.”

“எந்த வேகத்துக்கு மேல?”

“பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க, பூ.”

வாங்கி வந்து, நீர் நிரம்பிய பால் கேன்கள் ஆறை வரிசையாக வைத்து எழுபது தப்படியிலிருந்து சுட்டேன். ஆறையும் துளைத்துக்கொண்டு போய் மண்மேட்டில் புதைந்தது. தோண்டி எடுத்தேன். மூக்கு லேசாகக் கலைந்திருந்தது, அவ்வளவுதான். புதிய, வேகமான துப்பாக்கிக்குச் செய்த சரக்கு. அப்பாவுடையது சோம்பேறித் துப்பாக்கி. அது தரும் வேகத்தில் விரிய வேண்டுமானால் மெத்தென்ற ஈயம்தான் வேண்டும்.

பெட்டியின் மேல் இருந்த பூ மட்டும் நன்றாக விரிந்திருந்தது.

நவம்பர் 3

இடித்த தேவாலயக் கூரையிலிருந்து பழைய ஈயத்தகடு கிடைத்தது. நகம் வெண்ணெயில் போல இறங்குகிறது. கொட்டகைக் கதவுகளைத் திறந்து வைத்து இருபது குண்டு வார்த்தேன். ஒவ்வொன்றையும் நிறுத்தேன். இருபத்து நாலு.

நவம்பர் 10

பால் கேன்கள் மறுபடியும். நாலாவது கேனுக்குள் கிடந்தது. இருமடங்கு அகலம், காளான் போல. எடையில் துளிதான் குறைவு. கையில் வைத்துக்கொண்டு சேற்றில் வெகுநேரம் நின்றேன். சந்தோஷம் வரவில்லை. போன வருஷமே இது என் டப்பாவில் இருந்திருக்கலாம்.

நவம்பர் 28

நன்றி நாள் விருந்து, ராய்ஸ் வீட்டில். கோல்பி வான்கோழித் துண்டை வாயில் வைத்துக்கொண்டே, “அத்தை, மானைக் கலைக்கிற வேலைக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்குங்க, முள்ளு ஜாஸ்தி” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ராய்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். குற்ற உணர்ச்சியா? அப்படித்தான் எனக்குப் பட்டது.

டிசம்பர் 21

காலை ஏழே முக்கால். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. குண்டு ஒரே அழுத்தில் இறங்கியது. என் தோளுக்கு ஒரு குறையும் இல்லை.

அறுபது தப்படியில் இளம் கொம்பன். சுட்டேன். புகை விலகியதும் பனியில் சிவப்பு. முப்பது தப்படி தள்ளி விழுந்துகிடந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

குடிலில் தோலுரித்தபோது மறுபக்கத் தோலுக்கு அடியில் குண்டு தட்டுப்பட்டது. வெர்லின் சித்தப்பா விரலால் நெம்பி எடுத்து விளக்கில் பார்த்தார். “அடேங்கப்பா, தட்டு கணக்கா விரிஞ்சிருக்கே!”

அங்கேயே கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும். “போன வருஷம் என் டப்பால டயர் ஈயத்தைப் போட்டது யாருடா ராய்ஸ்? இந்தப் பரண் உன் மருமகனுக்கு வேணும்னு நேராக் கேட்டிருக்கலாமே.”

“என்ன பேசுற? நான் உன் டப்பாவத் தொட்டதே இல்ல.”

“வாளி உன்னுது.”

“வாளி என்னுதுதான். உருக்குனது நானில்ல, அக்கா.” முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. அது எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக மறந்திருந்தேன்.

சித்தப்பா குண்டை மேசையில் வைத்தார். “அவன விடும்மா. உங்கப்பன்தான். நான் அடுப்புப் பக்கத்துலதான் நின்னேன். மெத்துன்னு இருக்குற ஈயம் ஆறு குண்டுக்குத்தான் இருந்துச்சு. அத ராய்ஸுக்குன்னு வெச்சான். ‘ஆர்டித் எங்க சுடப் போறா, புஸ்தகம் படிக்கத்தான பரண்ல ஏறுறா, அவளுக்கு இது போதும்’னான்.”

“நான் பட்டுச்சுன்னு சொன்னப்ப?”

சித்தப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “அவன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். அப்புறம் கத்திரிய எடுத்துட்டான்.”



டிசம்பர் 22

மார்ச்சில் பதினோரு நாள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையணையைத் திருப்பச் சொன்னார். பேஸ்பால் எப்போது ஆரம்பம் என்று கேட்டார். ஐஸ் துண்டு கேட்டார். பேச முடியாமல் போனது கடைசி இரண்டு நாள்தான்.

ஒன்பது நாள் இருந்தது, அப்பா. ஒரு வாக்கியம். ஒன்பது நாள்!

டிசம்பர் 25

ராய்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல, விடு” என்றான். அப்படிச் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 4

குடிலைப் பூட்டும் நாள். பரண் எனக்கே என்று ஆகிவிட்டது. அதை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓக் மரத்துக்கு மாற்ற வேண்டும் என்றேன். இப்போதைய இடத்தில் மேற்குக் காற்று என் வாசனையை நேரே மான் வழிக்குக் கொண்டுபோகிறது.

“அப்பா போட்ட எடம்” என்றான் ராய்ஸ்.

“தெரியும்.”

கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு, “வசந்தத்துல வர்றேன், ஏணி நான் கொண்டாறேன்” என்றான். பிறகு சுவரில் இருந்த ஆணியைச் சுத்தியலின் பின்பக்கத்தால் பிடுங்கி, என் சட்டை வாலை மடித்துக் கையில் கொடுத்தான். தவறாத குறிக்கு அது அங்கே இருக்கக் கூடாதாம்.

ஜனவரி 5

துப்பாக்கியைச் சுத்தம் செய்தேன். கருமருந்துக் கரியை விட்டுவைத்தால் குழாய் அரித்துப்போகும். கொதிநீர், சோப்பு, பிறகு துணித்துண்டுகள். துணி தீர்ந்துவிட்டது. சட்டை வாலை எடுத்துச் சதுரம் சதுரமாக நறுக்கினேன். நல்ல பருத்தி, கரியை நன்றாக உறிஞ்சியது. பெயரும் தேதியும் அப்பாவின் கையெழுத்தில் இருந்த துண்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதையும் கோல் முனையில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன்.

வெளியே வந்தபோது எழுத்து தெரியவில்லை. குழாய் சுத்தமாக இருந்தது.