வளைவுக்கு ஓர் அழுத்து

என் ஆசை மாப்ளே ராசுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. உன் திவசத்துக்கு வந்தவர்களில் வயிறாரச் சாப்பிட்டவன் நான்தான். "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று உன் வீட்டுக்காரி பேச்சியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

ஊர்ச் சேதி கொஞ்சம் சொல்கிறேன். போடி மெட்டுக்கு அந்தப் பக்கம் இப்போது கேரளமாம். பூப்பாறைக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் வேறு ராஜ்யத்துக்குப் போய் வந்ததாகக் கணக்கு என்று என் வீட்டுக்காரி கேலி செய்கிறாள். இந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்ததால் ஏலக்காய் திரட்சியாக இருக்கிறது. ராசிங்காபுரத்தில் இருக்கும் உன் மைத்துனன் முருகேசனுக்கு மலை எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்திருக்கிறது. காயெடுப்புத் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். மெட்டு ஏறி இறங்க அவனுக்கு ஒரு வண்டி வேண்டும். அங்கேதான் எனக்கு வினை வந்தது.

உன் வண்டி நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம். எஸ்டேட் துரை ஊருக்குக் கப்பலேறும்போது நம் ஏலக்காய் மண்டி முதலாளி வாங்கிப்போட்ட அந்த மோட்டார் சைக்கிள்தான். எஞ்சின் கெட்டுப்போய் நாலு வருஷம் மண்டியின் சரக்குக் கிட்டங்கி மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. நீ போன பிறகு, "அவன் ஓட்டுன வண்டிதானே, எடுத்துக்கம்மா" என்று முதலாளி பேச்சியம்மாளுக்குக் கொடுத்துவிட்டார். அதை ஓட வைத்துத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்கு ஆசை. மெக்கானிக் அந்தோணியை வீட்டுக்கு வரச்சொன்னாள், கூடவே என்னையும்.

அந்தோணி சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு வழி இருக்குண்ணே. இதே எஞ்சினைச் சரி பண்ணணும்னா சிலிண்டரை மதுரைக்கு அனுப்பிக் கடையணும். அதுக்குத் தக்கன பிஸ்டன் தேடணும். காயெடுப்பு முடிஞ்சாலும் இது முடியாது. இல்லைன்னா மிலிட்டரி ஏலத்துல வந்த எஞ்சின் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. அதை வச்சு முடுக்குனா வெரசா ஓடிரும். எண்ணெயும் தானா ஏறும், கையால அழுத்துற சோலியே இல்ல. பழசை இரும்புக்குப் போட்டுரலாம்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? அவருக்குப் பின்னால உக்காந்து போனது அண்ணன்தான். அண்ணன் சொல்றபடி செய்ங்க."

அடித்து ஓட்டியதால் போன எஞ்சின், எதற்கும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல் என்று அந்தோணியை அனுப்பினேன். இரண்டு நாள் தள்ளிப்போடலாம் என்பதுதான் என் எண்ணம். மூன்றாம் நாள் அவன் கொட்டகைக்குப் போனேன். பிஸ்டனை என் கையில் வைத்தான். பக்கமெல்லாம் கீறல் கீறலாக உரிந்து கிடந்தது.

"அடிச்சு ஓட்டுனதால போச்சுன்னு சொன்னீங்களேண்ணே. அப்படி இல்ல. எண்ணெய் இல்லாமக் காஞ்சு பிடிச்சிருக்கு. எண்ணெய் டாங்கியைத் திறந்தேன், அன்னைக்கு ஊத்துனது அப்படியே இருக்கு. பம்பும் நல்லாத்தான் வேலை செய்யுது. அழுத்த வேண்டியவன் அழுத்தல, அம்புட்டுத்தான்."

மாப்ளே, அழுத்த வேண்டியவன் நான்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். மெட்டு ஏறும்போது உன் ஒரு கை கியரில் இருக்கும், மறு கை ஹேண்டில்பாரில். அதனால் டாங்கியின் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பம்பை அழுத்துவது பின்னால் உட்கார்ந்தவன் வேலை. வளைவுக்கு ஓர் அழுத்து என்பது நீ வைத்த சட்டம். உன் விலாவுக்குக் கீழே கையை நீட்டி அழுத்துவேன். பம்பின் கழுத்தில் வாஷர் தேய்ந்து, ஒவ்வோர் அழுத்துக்கும் என் கையிலும் மடியிலும் எண்ணெய் தெறிக்கும். மற்ற நாளெல்லாம் அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

எஞ்சின் போன அன்றைக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். புது மல் வேட்டி கட்டியிருந்தேன். முதல் வளைவில் அழுத்தவில்லை, அடுத்ததில் அழுத்திக்கொள்ளலாம் என்று. அடுத்ததிலும் அழுத்தவில்லை. "அழுத்துனியா மச்சான்?" என்று நீ திரும்பாமலே கேட்டாய். "அழுத்துனேன் மாப்ளே" என்றேன். ஒரு தடவை இல்லை, நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேன். மேலே ஏற ஏற எஞ்சின் முனக ஆரம்பித்து, மெட்டுக்கு நாலைந்து வளைவு இருக்கும்போது கப்பென்று பிடித்துக்கொண்டது.

பின்னால் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்தது. "நீ போ மச்சான், நல்ல நேரம் போயிரும். வண்டியை நான் பாத்துக்கிறேன்" என்று என்னை ஏற்றிவிட்டாய். நானும் ஏறிப் போனேன். கறை படாத வேட்டியோடு போய்ப் பெண் பார்த்தேன், அவளையே கட்டிக்கொண்டேன். நீ அந்தச் செத்த வண்டியைப் போடி வரைக்கும் தனியாக உருட்டிக்கொண்டு இறங்கினாய்.

"ஏத்தத்துல ரொம்ப அடிச்சிட்டேன் முதலாளி, என் தப்புதான்" என்று மண்டியில் நீயாகவே சொன்னாய். எண்ணெய் டாங்கியை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். ஏன் பார்க்கவில்லை மாப்ளே? நான் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டாயா?

மலைக்குப் போய் எஸ்டேட்களில் ஏலக்காய் வாங்கிவரும் வேலையை உன்னிடமிருந்து எடுத்துக் கிட்டங்கியில் உட்கார வைத்தார் முதலாளி. மலைக்காற்றில் திரிந்தவன் சாக்குத் தூசியில் மூன்று வருஷம் கிடந்தாய். உன்னைக் கொண்டுபோன இருமல் அங்கே வந்ததுதானா, இல்லை தானாக வந்ததா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் அந்தோணியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மிலிட்டரி எஞ்சினையே போட்டுரு" என்றேன். வெள்ளிக்கிழமை இரும்பு வியாபாரி வருவான், பழசைக் கொடுத்துவிடலாம் என்றான் அவன். சரி என்றேன். காயெடுப்பு நெருங்குகிறது, பையன் வேலை முக்கியம் என்று நல்ல காரணமும் கையில் இருந்தது. உண்மையில் அந்தப் பிஸ்டன் என் கண்ணிலும் வேறு யார் கண்ணிலும் படாமல் தொலைந்தால் போதும் என்றிருந்தது. நீ செத்த பிறகும் உன்னை ஒரு தடவை விற்கப் பார்த்தேன்.

எஞ்சின் முடிவைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வியாழக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் சுளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேற எஞ்சினே போட்டுரலாம்மா. பழசு இரும்புக்குப் போயிரும்."

"போகட்டும்ணே" என்றாள் அவள். "அது நம்ம வீட்டுக்கு ஆகல. அவரும் கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கலாம். புத்தி கெட்டு அடிச்சு ஏத்தி, உள்ள வேலையும் போயி..."

நான் உட்கார்ந்துவிட்டேன். செத்து ஒரு வருஷம் கழித்தும் உன் வீட்டிலேயே உனக்கு இந்தப் பேச்சு. மற்ற யார் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான். அவள் வாயால் கேட்க முடியவில்லை. வேட்டியிலிருந்து ஜீப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று சொன்னால் அதையும் எனக்கு நல்லபேராக எடுத்துக்கொள்வாயே என்று தயக்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

அவள் வெகுநேரம் காய் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்குக் காலையிலகூடச் சொன்னேண்ணே. 'வண்டிய ஒழுங்கா ஓட்டியிருந்தா இந்தத் தூசியில கெடந்து இருமணுமா'ன்னு. அவரு போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு."

அதற்குப் பிறகு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னையும் அவரைப் பேச வச்சுட்டீங்களேண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

நான் எழுந்து வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "பழசையே சரி பண்ணச் சொல்லுங்க. எத்தன மாசம் ஆனாலும் ஆகட்டும். முருகேசன் அதுவரைக்கும் ஜீப்புல தொத்திக்கிட்டுப் போவான். அவரு கெடுக்கலைன்னா அதை ஏன் இரும்புக்குப் போடணும்?"

கொட்டகைக்கு ஓடினேன். அந்தோணி உன் எஞ்சினைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தான். நானே தூக்கி உள்ளே வைத்தேன். சிலிண்டர் நேற்று மதுரைக்குப் போய்விட்டது.

மண்டிக்கும் போனேன். ஆட்கள் எல்லாரும் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்ப நடந்ததுப்பா?" என்றார். விளக்கிச் சொன்னேன். "ஓ, அதுவா. சரி விடு, அவனே போயிட்டான்" என்று அடுத்த மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார். உன்னை மலையிலிருந்து இறக்கிய விஷயம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. நாலு வருஷமாக நான் பயந்தது இதற்குத்தான்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன் மாப்ளே. இறங்கவில்லை. பாதியை எடுத்துப் பேச்சியம்மாள் தலையில் வைத்துவிட்டேன். இப்போது அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று முருகேசன் சொல்கிறான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன் குணத்துக்கு உடனே கொடுத்துவிடுவாய். ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். அவள் உன்னைப் பேசிய ஒவ்வொரு பேச்சும் நான் சொன்ன பொய்யால் வந்தது, அது அவள் பாவம் இல்லை. இதை அவளிடம் போய்ச் சொல்வேன். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். அவள் நம்புகிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன்.

உன்னிடம் பொய் சொன்ன மச்சான்,
தங்கவேலு